இடது பக்கம் இழுத்த வண்டி

திருச்சி ஜங்ஷனிலிருந்து பாலக்கரைக்கு நடந்து போகும்போது நான் ஒரு தெரு சுற்றிக்கொண்டுதான் போவேன். நேர் வழியில் அந்தக் கார்க் கடை இருக்கிறது. கண்ணாடிச் சுவரும், வாசலில் குரோட்டன்ஸ் தொட்டிகளும், உள்ளே கம்பளம் விரித்து நிறுத்திய ஒரு புது வண்டியுமாக அது இன்னும் பளபளவென்றுதான் இருக்கிறது. வயதானால் கோபம் குறையும் என்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் குறையவில்லை. குறைய வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

என் அக்காள் லூர்துராணியின் புருஷன் பெயர் பிலோமின்ராஜ். நான் மச்சான் என்று கூப்பிடுவேன். ஜப்பான்காரன் சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து அஸ்ஸாம் மலைப்பாதைகளில் லாரி ஓட்டியவர். திரும்பி வந்து புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வேன் ஓட்டினார். ஆள் குட்டை, நல்ல கறுப்பு, அதிகம் பேசமாட்டார். காலையில் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, குனிந்து நான்கு சக்கரத்தையும் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். ஜீயபுரம் பக்கம் வயல் ரோட்டிலிருந்து வலி எடுத்த பெண்ணை அழைத்து வர வேண்டுமென்றால் டாக்டரம்மா வேறு டிரைவரை அனுப்பமாட்டார். வேனில் ராத்திரி டியூட்டி முடித்து வரும் நர்சுகள் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார்கள். அந்த அளவுக்கு அவர் கையில் நம்பிக்கை.

அவருக்கு ஒரே ஒரு பெருமை இருந்தது. அதையும் அவராகச் சொல்லமாட்டார், நாம் கிளறினால்தான் வரும்.

"மனுஷன், மாடு, நாய், கோழி, ஒண்ணையும் இன்னைக்கு வரைக்கும் தொட்டதில்லே மாப்ளே. வேற என்னா இருக்கு நம்மகிட்ட? அந்த ஒண்ணுதான் இருக்கு."

அந்த ஒன்றை அவரிடமிருந்து எப்படிப் பிடுங்கினார்கள் என்பதுதான் கதை.

சொந்தமாக ஒரு டாக்சி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்தக் காலத்தில் புது வண்டி வாங்குவது என்றால் பேரைப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். மச்சானும் கிடந்தார். நடுவில் அக்காள் இரண்டு பிள்ளை பெற்றாள், எனக்குக் கல்யாணம் ஆனது, காலேஜ் ஆபீசில் எனக்குக் கிளார்க் வேலை நிரந்தரமானது. கடைசியில் அறுபத்திரண்டாம் வருஷம் பேர் வந்தது. அக்காளின் நகையும், ஜீயபுரத்தில் மச்சான் பங்குக்கு வந்த வாழைக்கொல்லையும் போய், கறுப்பு உடம்பும் மஞ்சள் கூரையுமாக ஒரு டாக்சி வந்தது.

வண்டியை மாதா கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சாமியாரிடம் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தோம். கண்ணாடியில் அக்காள் ஜெபமாலையைத் தொங்கவிட்டாள். மச்சான் அதற்குப் பக்கத்திலேயே ஸ்ரீரங்கம் பெருமாள் படம் ஒன்றை ஒட்டினார். அக்காள் முகத்தைச் சுளித்தாள்.

"ஜங்ஷன்ல எறங்குறவங்க பாதிப் பேரு ஸ்ரீரங்கத்துக்குத்தான் போறாங்க. ஏறுறவங்களுக்கும் ஒரு சாமி வேணும்ல லூர்து," என்றார்.

வண்டி வாங்கிய அந்தக் கார்க் கடைக்கு மேனேஜர் இருதயநாதன். முதலாளி மெட்ராஸில். இருதயநாதன் எங்கள் பாலக்கரைக் கோயிலுக்குத்தான் பூசைக்கு வருவார், முதல் பெஞ்சில் உட்காருவார். நற்கருணைப் பவனியில் குருவானவர் தலைக்கு மேலே பிடிக்கிற குடையின் முன்கம்பு அவர் கையில்தான் இருக்க வேண்டும். வேறு யாராவது பிடித்துவிட்டால் அந்த வருஷம் பவனியே சரியில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவார். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல், எதற்கும் கோபப்படாத முகம். கோபப்படாத மனுஷனை நம்பக்கூடாது என்று நான் கற்றுக்கொண்டது அவரிடம்தான்.

வண்டி வந்த புதிதில் நானும் மச்சானும் ஜீயபுரத்துக்கு ஒரு முறை போனோம். ரோடு காலியாக இருந்தது, கொஞ்சம் வேகமாகத்தான் போய்க்கொண்டிருந்தோம். வாழைத்தோப்புக்குள்ளிருந்து ஓர் ஆடு குறுக்கே பாய்ந்தது. மச்சான் பிரேக்கை அழுத்தினார். வண்டி நிற்பதற்கு முன்னால் இடது பக்கமாக வாய்க்காலைப் பார்த்து ஓடியது. எப்படியோ ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்து ரோட்டிலேயே நிறுத்திவிட்டார். ஆடு பிழைத்தது. அவர் இறங்கிப்போய் ரோட்டோரத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டு முன்சக்கரத்தையே பார்த்தார்.

"இழுக்குது மாப்ளே," என்றார்.

மறுநாளே கடைக்குப் போனோம். ஆறு மாதத்துக்கு கேரண்டி. அதற்குள் எது கெட்டாலும் கம்பெனியே பார்த்துத் தரும் என்று வண்டி கொடுத்த அன்றைக்கு இதே இருதயநாதன் சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தார். இங்கிலீஷ் தெரிந்தவன் கூட இருந்தால் மதிப்பார்கள் என்று மச்சான் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நான் இங்கிலீஷில்தான் ஆரம்பித்தேன். இருதயநாதன் என்னைவிட நல்ல இங்கிலீஷில், ஒன்றுமே சொல்லாமல் பத்து நிமிஷம் பேசினார். பிறகு தமிழுக்கு வந்தார்.

"உக்காருங்க பிலோமின். ஏம்ப்பா, இங்க ரெண்டு காப்பி."

"காப்பி வேணாங்க. வேகமாப் போறப்ப பிரேக்கு புடிச்சா வண்டி எடது பக்கம் இழுக்குது. வலது சக்கரம் சரியாப் புடிக்கலேன்னு நெனைக்கிறேன்."

"புது வண்டில்ல? அப்படித்தான் இருக்கும். ஓட ஓடப் பழகிடும்."

"எது பழகும் சார்? வண்டியா, இவரா?" என்று நான் கேட்டேன்.

இருதயநாதன் சிரித்தார். "ரெண்டும்தான்."

காப்பி வந்தது. நல்ல காப்பி, அதை நான் மறுக்கவில்லை. நுரை பொங்கப் பொங்க, டபரா செட்டில், பித்தளை பளபளக்க வந்தது. அதைக் குடித்துக்கொண்டே ஒரு மனுஷனைத் திட்ட முடியாது. அதற்காகத்தான் கொடுக்கிறார்கள் என்று எனக்குப் புரிய மூன்று தடவை குடிக்க வேண்டியிருந்தது.

ஃபோர்மேன் ராசப்பன் வந்து வண்டியை ட்ரயல் பார்த்தான். ட்ரயல் என்றால் என்ன? கடைக்குப் பின்னால் இருக்கும் காம்பவுண்டுக்குள் மாட்டுவண்டி வேகத்தில் ஒரு சுற்று. சுவர் ஓரமாக ஒரு பிரேக். இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"ஒண்ணும் இழுக்கலீங்க."

"ஊர்ற வேகத்துல தெரியாதுப்பா. ரோட்டுல போயி அழுத்திப் பாரு," என்றார் மச்சான்.

"ரோட்டுக்கு எடுத்துட்டுப் போகக்கூடாதுங்க. ட்ரயலு காம்பவுண்டுக்குள்ளதான். கம்பெனி ரூலு."

இப்படி ஒரு ரூலை யார் போட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். ஓடுவதற்கு என்று செய்த வண்டியில் ஓடினால் தெரியும் குறையை, ஓடாத இடத்தில் வைத்துத் தேடுகிறார்கள். தேடிவிட்டு இல்லை என்கிறார்கள். காய்ச்சல்காரனைக் குளிப்பாட்டிவிட்டு உடம்பு ஜில்லென்று இருக்கிறதே என்று சொல்கிற டாக்டரை அடிக்காமல் விடுவோமா? இவர்களை விட்டோம்.

அதிலிருந்து அந்தக் கடைக்கு நடையாய் நடந்தோம். ஒரு தடவை போனால் ஃபோர்மேன் லீவு. இன்னொரு தடவை போனால் சாமான் மெட்ராஸிலிருந்து வர வேண்டும். என்ன சாமான் என்று கேட்டால், குறையே இல்லாத வண்டிக்கு என்ன சாமான் என்று அவர்களே திருப்பிக் கேட்பார்கள். வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள். இரண்டு நாள் கழித்துப் போனால் விட்ட இடத்திலேயே காக்காய் எச்சத்தோடு நிற்கும். ஒவ்வொரு தடவையும் காப்பி, ஒவ்வொரு தடவையும் அந்த ஒரே சொல், பழகிடும். நான் ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கத்தினேன். இருதயநாதன் குரலை உயர்த்தவே இல்லை.

"தம்பி, உங்க மச்சானுக்குப் பின்னாடி இன்னும் எத்தனை பேரு பதிஞ்சுட்டுக் காத்திருக்காங்க தெரியுமா? புடிக்கலேன்னா வண்டியைத் திருப்பிக் குடுத்துடச் சொல்லுங்க. நாளைக்கே வாங்கிக்க ஆளு இருக்கு."

பச்சையாகச் சொல்லிவிட்டார். வாங்கினவன் போனால் போகட்டும், வாசலில் வரிசை நிற்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் நியாயம் கேட்கப் போன எங்களைச் சொல்ல வேண்டும்.

மச்சான் வண்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எப்படிக் கொடுப்பார்? கொல்லை போய்விட்டது, நகை போய்விட்டது, ஆஸ்பத்திரி வேலையையும் விட்டாகிவிட்டது. ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. எவன் மேலாவது ஏற்றிவிடப் போகிறோம் என்ற பயம். கர்ப்பிணிகளை ஏற்றமாட்டேன் என்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றமாட்டேன் என்றார். எங்கும் மெதுவாகவே போனார். ஜங்ஷன் ஸ்டாண்டில் பக்கத்து வண்டி ஹபீபுல்லா கிண்டல் பண்ணுவார்.

"என்னண்ணே, வண்டி ஓட்டுறீங்களா, ஊர்வலம் போறீங்களா? எல்லா வண்டிக்கும் ஒரு குணம் உண்டுண்ணே. நம்மதான் அனுசரிச்சுப் போகணும்."

"இது குணம் இல்லே பாய், குறை," என்பார் மச்சான்.

ஆனால் அனுசரித்துத்தான் போனார். வேறு வழி? வேகத்தில் பிரேக்கை மிதிக்கும்போதே கை தானாக ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்கும். இரண்டும் சேர்ந்து வண்டி நேராக நிற்கும். முதலில் நினைத்து நினைத்துச் செய்தார். பிறகு நினைக்காமலே வந்தது.

அது எவ்வளவு தூரம் ஊறிப்போயிற்று என்று எனக்குத் தெரிந்தது ஒரு பஸ்ஸில். வண்டி கடையில் கிடந்த ஒரு நாள், ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்துக்கு நானும் அவரும் டவுன் பஸ்ஸில் போனோம். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டிரைவர் சடக்கென்று பிரேக் போட்டான். மச்சானின் வலது கால் தரையை மிதித்தது, மடியில் இருந்த இரண்டு கையும் வெறுங்காற்றில் வலது பக்கம் திரும்பின. பக்கத்தில் நின்றிருந்த பூக்காரம்மாள் சிரித்தாள். நானும் சிரித்தேன். மச்சான் கையைப் பார்த்துக்கொண்டார்.

"பாத்தியா, பழகிடுச்சு," என்றார். அவர் சிரிக்கவில்லை.

கேரண்டி முடிகிற சமயம் நெருங்கியது. மெட்ராஸிலிருந்து கம்பெனி ஆள் வருகிறார், வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்று கடையிலிருந்து ஆள் அனுப்பினார்கள். மச்சானுக்கு முகத்தில் ஒரு வெளிச்சம். அக்காள் கோயிலுக்குப் போய் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் காலையில் வண்டியை எடுக்கப் போனோம். கழுவித் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். அதுவே எங்களுக்கு அதிசயம். இருதயநாதன் அவரே வெளியே வந்து சாவியைக் கொடுத்தார்.

அன்றைக்கு நடந்த பேச்சு எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. மச்சான் சாவியை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"கம்பெனி ஆளு பாத்தாருங்களா?"

"பாத்தாரு. நல்லா செக் பண்ணிட்டாரு."

"ஏதாவது மாத்துனாருங்களா?"

"மாத்துறதுக்கு என்ன இருக்கு பிலோமின்? நான் மொதல்லேருந்து சொல்றேன்ல, வண்டியில ஒரு குறையும் இல்லே. எதையும் தொடலே."

"அப்ப முன்ன இருந்த மாதிரியேதான் இருக்கு."

"முன்ன இருந்த மாதிரியேதான்."

மச்சான் தலையை ஆட்டினார். அந்த வெளிச்சம் முகத்திலிருந்து போய்விட்டது. இரண்டு காப்பி சொல்லட்டுமா என்று இருதயநாதன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வண்டியில் ஏறினார். நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். எனக்கு அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு வேலை.

ஜங்ஷனுக்குப் போனதும் வெளியூர்க் குடும்பம் ஒன்று ஏறியது. புருஷன், பெண்சாதி, பின்னால் ஒரு பெரிய மூட்டை. பெருமாளைச் சேவிக்க வந்தவர்கள். அந்த அம்மாள் பெயர் ரெங்கம்மாள் என்று பிற்பாடு போலீஸ் ஸ்டேஷனில் தெரிந்தது. கண்ணாடிக்குப் பக்கத்தில் பெருமாள் படத்தைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஜெபமாலையையும் ஒரு பார்வை பார்த்தாள். ஊருக்குள் ஒரே நெரிசல், ஊர்ந்துதான் போனோம். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டார் மச்சான். அந்த வேகத்தில் பழுதான வண்டியும் இழுக்காது, பழுதில்லாத வண்டியும் இழுக்காது. ஒன்றும் தெரியவில்லை.

காவிரிப் பாலத்தில் ஏறியதும் முன்னால் காலியாக இருந்தது. தண்ணீர் இரண்டு கரையும் தொட்டு ஓடியது, நல்ல காற்று. வண்டி கொஞ்சம் வேகம் பிடித்தது. பாதிப் பாலத்தில் பின்னாலிருந்து அந்த அம்மாள் கத்தினாள்.

"ஐயோ, காவேரி! நிறுத்துங்கோ, நிறுத்துங்கோ! காசு போடணும்!"

பாலத்தைத் தாண்டும்போது காவிரிக்குக் காசு போடுவது இங்கே வழக்கம்தான். மச்சான் எத்தனையோ பேருக்காக மெதுவாகப் போயிருக்கிறார். ஆனால் அவள் கத்திய கத்தலில் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நானே நினைத்துவிட்டேன். மச்சானின் கால் பிரேக்கை அழுத்தியது. கை எப்போதும்போல ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தது. வண்டி இடது பக்கம் இழுக்கவில்லை. ஒடித்த பக்கமே போனது.

எதிரில், ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்து மேலூரிலிருந்து ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது. கேரியரில் ஆள் உயரத்துக்கு வாழையிலைக் கட்டு. காந்தி மார்க்கெட்டுக்குப் போகிறவன். அவன் பெயர் பிச்சை. கைப்பிடிச் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் அவன் கால் அகப்பட்டுக்கொண்டது. அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. இலைகள் பாலம் முழுக்கச் சிதறின, சில காற்றில் பறந்து ஆற்றுக்குள் போயின.

நான் இறங்கி ஓடி பிச்சையைத் தூக்கினேன். உயிர் இருந்தது, கத்திக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தால் மச்சான் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆத்திரம். கிட்டப் போய், "மச்சான், எறங்குங்க!" என்று கூச்சல் போட்டேன். அவர் என்னைப் பார்த்தார்.

"மாப்ளே, இழுக்கலே," என்றார். "இழுக்கவே இல்லே மாப்ளே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாவிகள், சரி பண்ணியிருக்கிறார்கள். சரி பண்ணிவிட்டுச் சொல்லாமல் கொடுத்திருக்கிறார்கள்.

அதே வண்டியில்தான் பிச்சையைப் புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மச்சான் ஓட்டமாட்டேன் என்றுவிட்டார். பாலத்தில் வந்த ஒரு லாரி டிரைவரை ஓட்டச் சொல்லிவிட்டு, பின்சீட்டில் பிச்சையின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். வழி முழுக்க அவன் நெற்றியைத் தடவிக்கொண்டே வந்தார்.

போலீஸ் வந்தது. விபத்து என்றால் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைப் பார்க்க வேண்டும். அவர் அன்றைக்கே வந்தார். காம்பவுண்டுக்குள் சுற்றுகிற ஆள் இல்லை, ரோட்டுக்கே எடுத்துப்போய் வேகமாக ஓட்டிப் பிரேக்கை அழுத்திப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் ரோட்டோரத்தில் நின்று பார்த்தோம். கடையிலிருந்து இருதயநாதனும் ராசப்பனும் வந்திருந்தார்கள். வண்டி கோடு கிழித்ததுபோல நேராக வந்து நின்றது. ஆறு மாதம் நாங்கள் காலில் விழாத குறையாகக் கேட்டது இதைத்தான். கேட்டது கேட்டபடி கிடைத்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் இறங்கி மச்சானைப் பார்த்தார். "பிரேக் பெர்ஃபெக்டா இருக்கேய்யா. நீ ஏன் வலது பக்கம் போனே?"

மச்சான் என் பக்கம் கையைக் காட்டினார். நான் சொன்னேன். முதல் நாள் முதல் சொன்னேன், ஆடு, ஜீயபுரம், காம்பவுண்டு, காப்பி, எல்லாம். இன்ஸ்பெக்டர் இருதயநாதன் பக்கம் திரும்பினார். "என்ன சார், பிரேக்ல கம்ப்ளெயிண்ட் இருந்துச்சுங்கிறாரு?"

இருதயநாதனுக்கு முதல் தடவையாக முகம் சிவந்தது. கம்பெனியின் பேர் கெட்டுவிடுமே என்ற பதற்றம்.

"எப்படி சார் கம்ப்ளெயிண்ட் இருக்கும்? முந்தாநாள்தான் வலது சக்கரத்துல புது பிரேக் டிரம்மு, உள்ள இருக்கிற சாமானு எல்லாம் மாத்திக் குடுத்திருக்கோம்! எங்க வண்டியை நீங்க கொறை சொல்லவே முடியாது சார்!"

ராசப்பன் தலையைக் குனிந்துகொண்டான். நான் இருதயநாதனின் சட்டையைப் பிடித்துவிட்டேன். அந்த வெள்ளைச் சட்டையில் என் கையிலிருந்த பிச்சையின் ரத்தக் கறை பதிந்தது.

"எதையும் தொடலேன்னு சொன்னீங்களேய்யா! இவரு ஒங்ககிட்ட வாயைத் தொறந்து கேட்டாரே!"

"கம்பெனி ஆர்டர் தம்பி," என்றார் அவர், மறுபடியும் அந்த மெல்லிய குரலில். "மாத்துனோம்னு சொன்னா அத்தனை பேரும் வண்டியைத் தூக்கிக்கிட்டு வந்துடுவாங்க. சொல்லாம மாத்திக் குடுங்கன்னாங்க. நல்லதுதானே செஞ்சோம்?"

போலீஸ்காரன் என் கையை எடுத்துவிட்டான். இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் எழுத வேண்டியது வண்டியைப் பற்றி மட்டும்தான்.

"இப்ப வண்டி நல்லா இருக்குல்ல? அதான் என் ரிப்போர்ட்டு," என்றார்.

ஆறு மாதமாக இருதயநாதன் வாயிலிருந்து வராத வார்த்தை, வண்டியில் குறை இருந்தது என்ற வார்த்தை, கடைசியில் வந்துவிட்டது. அது மச்சானுக்கு எதிரான சாட்சியாக வந்தது. இவ்வளவு அசிங்கமாக ஒரு நியாயம் கிடைக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. சீ என்றாகிவிட்டது எனக்கு, அந்த மனுஷனையும், அந்தக் கடையையும், அதில் குடித்த ஒவ்வொரு தம்ளர் காப்பியையும் நினைத்து.

கேஸ் நடந்தது. வக்கீல் வைத்து வாதாடலாம், கடைக்காரனைக் கூண்டில் ஏற்றலாம் என்று நான் குதித்தேன். மச்சான் கேட்கவில்லை. மாஜிஸ்ட்ரேட் முன்னால் நின்று, "என் கைதான் திருப்புச்சுங்க," என்று ஒரே வாக்கியத்தில் ஒப்புக்கொண்டார். அபராதம் போட்டு, லைசென்சை ஒரு வருஷத்துக்கு நிறுத்தினார்கள். வெளியே வந்து அவரைத் திட்டித் தீர்த்தேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது கோயில் வாசலில் இருதயநாதன் எங்களைப் பிடித்துக்கொண்டார். மச்சானின் தோளில் கையை வைத்தார். "கவலைப்படாதீங்க பிலோமின். கஷ்டம் எல்லாருக்கும் வர்றதுதான். கொஞ்ச நாளு ஆனா பழகிடும்." அக்காள் லூர்துராணி வாழ்நாளில் யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்று இருதயநாதன் கண் முன்னாலேயே காறித் தரையில் துப்பினாள். பவனிக் குடை பிடிக்கிறவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

வண்டியை விற்றாகிவிட்டது. அதே கடைதான் வாங்கி, வரிசையில் நின்ற வேறு ஒருவருக்குக் கொடுத்தது. வாங்கினவரை ஒரு நாள் ஸ்டாண்டில் பார்த்தேன், பிரேக் அருமையாகப் பிடிக்கிறது என்றார். பிடிக்கும், பிடிக்காமல் என்ன?

பிச்சையின் கால் ஒட்டியது, ஆனால் நேராக ஒட்டவில்லை. பல மாதம் மேலூரில் படுத்துக் கிடந்தான். இலை அறுக்க அவன் பெண்சாதி வீரம்மாள் போய்விடுவாள். ஆனால் விடியற்காலையில் அதை மார்க்கெட்டில் கொண்டு சேர்க்க ஆள் இல்லை. மச்சான் போனார். யாரும் கேட்கவில்லை, அவராகப் போனார். வளைந்த சைக்கிளை நிமிர்த்தி, ரிம் மாற்றி, தினமும் பாலக்கரையிலிருந்து மேலூருக்கு மிதித்துப்போய், இலைக் கட்டைக் கேரியரில் கட்டிக்கொண்டு காந்தி மார்க்கெட்டுக்கு வருவார். வீரம்மாள் முதல் வாரம் அவரிடம் பேசவே இல்லை. பிறகு ஒரு நாள் கஞ்சி கொடுத்தாளாம். அதை மச்சான் வீட்டில் வந்து சொன்னபோது அக்காள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு வருஷம் முடிந்து லைசென்ஸ் திரும்பி வந்தது. புத்தூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா பழைய வேன் வேலையைத் தருவதாக என்னிடம் ஆள் அனுப்பினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் காலையில், மச்சான் இலை ஏற்றி வரும் நேரத்தில் வழியிலேயே சொல்லிவிடலாம் என்று ஸ்ரீரங்கம் பக்கம் போனேன். மச்சான் பாலத்தில் எதிரே வந்துகொண்டிருந்தார். சைக்கிளில் ஏறி வரவில்லை. இறங்கி, இலைக் கட்டோடு ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்தார். வேர்த்துக் கொட்டியது. சங்கிலி கழன்றுவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.

"என்ன மச்சான், ஏன் தள்ளிக்கிட்டு வர்றீங்க?"

"பாலம் முழுக்கத் தள்ளிக்கிட்டுத்தான் வருவேன். தெனமும்."

"சைக்கிளு இழுக்குதா?"

அவர் ஹேண்டில்பாரைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார்.

"சைக்கிளு இழுக்காது மாப்ளே. அது எனக்குத் தெரியும். கைக்குத் தெரியணுமே."

டாக்டரம்மா சொன்ன விஷயத்தை நான் சொல்லவில்லை. கட்டின் பின்பக்கத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தேன். பாலம் முடிந்ததும் அவர் சைக்கிளில் ஏறி மார்க்கெட் பக்கம் போனார்.